நடுத்தரக் கான்ஃபரன்ஸ்களும் ஒற்றை எண்ணின் மயக்கமும்

ஒவ்வோர் ஆண்டும் மார்ச் பிறந்ததும் அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்து ரசிகர்களிடையே ஒரு சண்டை மூள்கிறது. ‘மிட்மேஜர்’ எனப்படும் நடுத்தரக் கான்ஃபரன்ஸ்களுள் வலியது எது? மவுண்டன் வெஸ்ட்டா, மிசூரி வேலியா, அட்லாண்டிக் 10-ஆ? விடையாக நீட்டப்படுவது உறுப்பு அணிகளின் தரவரிசைச் சராசரி. அல்லது, 68 அணிகள் ஆடும் என்.சி.ஏ.ஏ. தொடருக்குச் சென்ற அணிகளின் எண்ணிக்கை. இரண்டும் அளக்க வேண்டியதை அளப்பதில்லை.

2023-இல் மவுண்டன் வெஸ்ட்டுக்கு நான்கு இடங்கள், கான்ஃபரன்ஸ் யு.எஸ்.ஏ.வுக்கு ஒன்றே. அந்த ஓர் அணியான ஃபுளோரிடா அட்லாண்டிக் அரையிறுதி வரை சென்று, மவுண்டன் வெஸ்ட்டின் சான் டியேகோ ஸ்டேட்டிடம் 72–71 எனக் கடைசி நொடியில் தோற்றது. மவுண்டன் வெஸ்ட்டின் பிற மூன்று அணிகளுக்கு ஒரு வெற்றிகூட இல்லை. பெருந்தொடரில் இடம் கிடைக்காதோர் ஆடும் என்.ஐ.டி.யின் இறுதிப் போட்டியில் மோதிய நார்த் டெக்சஸ், யு.ஏ.பி. இரண்டுமே கான்ஃபரன்ஸ் யு.எஸ்.ஏ. அணிகள். நான்குக்கு ஒன்று என்ற கணக்கு எங்கே, களத்தில் தெரிந்த இடைவெளி எங்கே?

ஒரு புள்ளியில் முடிந்த ஆட்டம் எதையும் நிறுவாது என்பார்கள். உண்மைதான். ஆனால் 2024-இல் ஆறு அணிகளை அனுப்பிய மவுண்டன் வெஸ்ட் 4 வெற்றி, 6 தோல்வியோடு திரும்பியபோது அதைப் போலி என்று எள்ளுவதற்கு அந்தப் பத்து ஆட்டங்கள் மட்டும் எப்படிப் போதுமானவை ஆயின?

சிக்கலின் வேர் வேறிடத்தில் உள்ளது. உள்சுற்று தொடங்கியபின் ஒரு கான்ஃபரன்ஸின் ஒவ்வொரு வெற்றியும் அதே கான்ஃபரன்ஸின் ஒரு தோல்வி. 12 அணிகள் தலைக்கு 20 ஆட்டம் ஆடினால் 120 வெற்றி, 120 தோல்வி, கூட்டுத்தொகை அசையாது. பிற கான்ஃபரன்ஸ்களோடு ஒப்பிடுவதற்கான சான்று பெரும்பாலும் நவம்பர், டிசம்பர் ஆட்டங்களில் மட்டுமே கிடைக்கிறது. அவையோ சமமான களத்தில் நடப்பதில்லை. பெரிய பல்கலைக்கழகங்கள் பணம் கொடுத்துச் சிறிய அணிகளைத் தம் அரங்குக்கு வரவழைக்கின்றன. பதிலுக்குத் தாம் போவது அரிது.

1981 முதல் 2018 வரை கோலோச்சிய ஆர்.பி.ஐ. முறையில் ஓர் அணியின் சொந்த வெற்றி விகிதத்துக்கு 25 விழுக்காடே எடை. எஞ்சியது எதிரணிகளையும் அவற்றின் எதிரணிகளையும் சார்ந்தது. அதன் இடத்துக்கு வந்த ‘நெட்’ ஆட்டத்திறனையும் கணக்கில் கொள்கிறது. ஆயினும் பழைய சாய்வு கொல்லைப்புறமாக நுழைந்துவிட்டது. முதல் பகுதி வெற்றி எனக் கொள்ளப்பட, சொந்தக் களத்தில் முதல் 30 அணிகளுள் ஒன்றை, வெளிக்களத்தில் முதல் 75-இல் ஒன்றை வெல்ல வேண்டும். பெரிய கான்ஃபரன்ஸுக்கு அத்தகைய எதிரிகள் அட்டவணையிலேயே அமைந்துவிடுகின்றனர். மிசூரி வேலிக்கு யார் வருவார்? 2024-இல் 28 வெற்றி, 6 தோல்வியோடு நெட்டில் முதல் 30-க்குள் நின்ற இண்டியானா ஸ்டேட், கான்ஃபரன்ஸ் இறுதிப் போட்டியில் டிரேக்கிடம் தோற்றதும் கதவு சாத்தப்பட்டது. வாய்ப்பைச் சுருக்கிவிட்டு வெற்றி போதவில்லை என்பது தர்க்கமன்று. (ஆய்விதழ்களின் ‘க்யூ1’ முத்திரைக்கும் என்.ஐ.ஆர்.எஃப். பட்டியலுக்கும் பழகிய இந்திய ஆய்வாளர்களுக்கு இந்த நியாயம் புதிதாக இராது.)

சராசரி இன்னும் மோசம். கொன்சாகா 2017, 2021 ஆண்டுகளில் தேசிய இறுதிப் போட்டி ஆடியது. அதன் வெஸ்ட் கோஸ்ட் கான்ஃபரன்ஸின் சராசரியை அடிமட்ட அணிகள் கீழே இழுத்தன. கடைசி அணி மேலும் நலிந்தால் கொன்சாகாவை வீழ்த்துவது எளிதாகிவிடுமா? ஒரு பேரணியும் ஒன்பது நலிந்த அணிகளும் உள்ள இடத்தில் பட்டம் வெல்வது கடினம். பத்து நடுத்தர அணிகள் உள்ள இடத்தில் தோற்காமல் தப்புவது கடினம். இவை இருவேறு வலிமைகள். ஒப்பிடத்தான் வேண்டுமெனில், முதல் மூன்று அணிகளையும் கீழ்ப்பாதியையும் தனித்தனியே மதிப்பிடுக. சொந்தக் கள வெற்றிகளைப் பிரித்து வைக்குக. முடிவு எத்தனை ஆட்டங்களின் மீது நிற்கிறது என்பதை எண்ணின் அருகிலேயே எழுதுக.