கதிர்வீச்சுக்குப் பிறகுதான் வேலை

முல்லையில் பச்சைப்பூ நோய் கண்ட கொடி தூரத்திலிருந்தே தெரியும். மொட்டு வர வேண்டிய இடத்தில் பச்சைப் பொடி இலைகள் கொத்தாகக் கிளம்பி, கணுக்கள் நெருங்கி, கொடி புதராகிப் போயிருக்கும். பூக்கடையில் அதற்குக் காசு இல்லை. இந்த நோயை வயலில் தாங்கி நிற்கும் கோ 2 முல்லையைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1988இல் வெளியிட்டது. காமா கதிர் தந்த சடுதிமாற்ற ரகம் அது.

அந்த வழியில் நாம் போதிய தூரம் போகவில்லை. 1949இல் நெதர்லாந்தில் வெளிவந்த ‘ஃபாரடே’ துலிப் தொடங்கி, மலர்ப் பயிர்களின் சடுதிமாற்ற ரகங்களில் பெரும்பாலானவை நிறத்துக்கும் வடிவத்துக்கும் தேர்ந்தெடுக்கப்பட்டவையே. காரணம் எளிது. சாமந்தியில் ஒரு கிளை வேறு நிறத்தில் பூத்தால் கண்ணில் படும், வெட்டி வளர்த்துவிடலாம். எதிர்ப்புத்திறன் அப்படித் தன்னைக் காட்டிக்கொள்ளாது. கதிர் பட்ட போத்துகள் ஏற்கெனவே நலிந்தவை, இழந்துவிடக் கூடாது என்று மருந்தடித்துக் காக்கிறோம். அந்தப் பாத்தியில் தாங்கும் செடியும் தாங்காத செடியும் ஒன்று போலவே நிற்கும். நோய் வராத செடியை நோய் எட்டிப் பார்க்காமலே போயிருக்கலாம் என்பதையும் மறந்துவிடுகிறோம்.

கதிர் பட்ட செடியில் ஒரு திசு அடுக்கு மாறி மற்றவை மாறாமல் நிற்கும் கைமீரா சிக்கல் இங்கே இன்னும் கூர்மையாகிறது. சாம்பல் நோய்ப் பூஞ்சை மேல்தோல் செல்களைத் தாக்குகிறது. வெளியடுக்கில் நேர்ந்த மாற்றமே அதற்குப் போதலாம். பச்சைப்பூ நோயின் பைட்டோபிளாஸ்மா வாழ்வதோ ஃபுளோயத்தில். வாடல் நோய்க் கிருமி வேர் வழியே நுழைகிறது. போத்தின் வேர் உள்திசுவிலிருந்து கிளம்புகிறது. எந்த நோய்க்கு எந்த அடுக்கு மாற வேண்டும் என்று கேட்காமல் தேர்வைத் தொடங்குவது ஆண்டுகளை வீணாக்கும்.

இன்னொரு தடை, ஒடுங்கு தன்மை. பார்லியில் சாம்பல் நோயைத் தடுக்கும் எம்.எல்.ஓ. சடுதிமாற்றம் 1942இலேயே எக்ஸ் கதிர் வழியே கிடைத்தது. நோய்க்கு இடங்கொடுக்கும் மரபணு செயலிழந்ததால் வந்த எதிர்ப்பு அது. பார்லி விதைப் பயிர், தன்மகரந்தச் சேர்க்கையில் அடுத்த தலைமுறையிலேயே அது வெளிப்பட்டுவிடும். மும்மடியமான டெல்லி கனகாம்பரத்தில் ஒரு நகல் பழுதானால் மற்ற இரண்டும் அதை மூடிவிடும், விதையும் பிடிக்காது. ஆனால் அதே காரணத்தால் அங்கே கலப்பினத்துக்கும் வழியில்லை. எனவே போத்துகளின் எண்ணிக்கையைக் கூட்டுவதும், மறுமுறை கதிர் கொடுப்பதும், திசு வளர்ப்பில் அடுக்குகளைப் பிரித்தெடுப்பதும் தவிர்க்க முடியாத செலவுகள். நிதி கேட்கும்போதே இதைச் சொல்லிவிட வேண்டும்.

அடுத்த இதழ் முதல், எதிர்ப்புத்திறன் பற்றிய கட்டுரைகளில் மூன்று விவரங்கள் கட்டாயம்: நோய் எப்படி ஏற்றப்பட்டது, அதே பாத்தியில் தாய் ரகம் எந்த அளவு பாதிக்கப்பட்டது, எத்தனை போத்துத் தலைமுறை வரை பண்பு நிலைத்தது. தாய் ரகத்துக்கு நோயே வராத சோதனைகளை எதிர்ப்புத்திறனுக்குச் சான்றாக ஏற்க மாட்டோம்.