திறப்பு ஒன்று, பூட்டு வேறு

சென்ற தவணை முடிவிலே என் மாணாக்கன் ஒருவன் பெருங்களிப்போடு ஓடி வந்தான். "சேர், எங்கள் வகுப்பில் எல்லாரும் பாஸ்!" என்றான். பரீட்சைப் புள்ளிகளைப் படித்து, 35 அல்லது அதற்கு மேற் பெற்றோரைப் பிரித்துக் காட்டும் நிரல் ஒன்றை எலிக்சர் மொழியில் அவன் ஆக்கியிருந்தான். பட்டியலை நோக்கினேன். 12 புள்ளி பெற்றவனும் தேறியிருந்தான்!

பிழை எங்கே? நேயர்களே, சற்றுச் சிந்தியுங்கள்.

எலிக்சர் என்பது பிரேசில் நாட்டவரான ஜோசே வலிம் உருவாக்கிய மொழி. அதன் முதலாம் பதிப்பு 2014இல் வெளியாயிற்று. புள்ளிகளோ ஜேசன் என்னும் எழுத்து வடிவில் வந்திருந்தன. அதனைப் பிரித்தெடுத்தால் 'மேப்' கிடைக்கும். மேப் என்பது பல அறைகள் கொண்ட பேழை போன்றது. ஒவ்வோர் அறைக்கும் ஒரு திறப்பு உண்டு. மேற்கோட்குறிக்குள் எழுதப்படுவது சரத் திறப்பு. முன்னே முக்காற்புள்ளி இட்டு எழுதப்படுவது அணுத் திறப்பு. எழுத்துக்கள் ஒன்றேயாயினும் இவை இரண்டும் வேறு. நாம் வேறு விதமாகப் பணியாதவிடத்து, ஜேசனிலிருந்து வருவன சரத் திறப்புகளே.

நம் மாணாக்கன் அணுத் திறப்பைச் சதுர அடைப்புக்குள் இட்டுத் தேடினான். அத்தகைய அறை இல்லை. நிரல் முறையிடவில்லை, 'நில்' என்னும் வெறுமையை அமைதியாகத் தந்தது. அந்த நில்லும் ஓர் அணுவே. எலிக்சரின் ஒப்பீட்டு வரிசையில் எந்த எண்ணிலும் அணு பெரிது. ஆகவே வெறுமை 35ஐ வென்றது, அனைவரும் தேறினர்!

"அப்படியானால் எல்லாத் திறப்புகளையும் அணுவாக்கிவிடலாமே, சேர்?" என்றான்.

ஆகாது. ஒருமுறை தோன்றிய அணு, நிரல் ஓயும்வரை நினைவகத்தை விட்டு நீங்காது. வழமையான எல்லை 1,048,576. அறியாத இடத்திலிருந்து வரும் திறப்புகளையெல்லாம் அணுவாக்கினால், எல்லை கடந்த கணமே நிரலை இயக்கும் பொறி முழுவதும் நின்றுபோம்.

சரத் திறப்பையே கையாள்க. கட்டாயம் இருக்கவேண்டிய அறையாயின், வியப்புக்குறியோடு கூடிய 'ஃபெட்ச்' என்னும் சார்பினால் திறக்க. அறை இல்லையெனில் அது உடனே பிழையென்று உரக்கக் கூறும்.

நிரல் திருந்தியது. மூவர் தேறவில்லை; அவருள் ஒருவன் அவனுடைய உற்ற நண்பன். மாணாக்கன் முகம் வாடிற்று. "தம்பி, பொய்ப் பட்டியல் நிலைத்திருந்தால் உன் நண்பனுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்க எவரும் வந்திரார்" என்றேன்.

மறுநாட் பின்னேரம் இருவரும் ஒரே வாங்கில் அமர்ந்து கணக்குச் செய்துகொண்டிருந்தனர்.