கடல் தாண்டிய கோடை விடுமுறை

சென்ற இரண்டு வாரங்களாக இந்தப் பகுதியில் நம் கையெழுத்தைக் காணோமே என்று நேயர்கள் சிலர் கடிதம் எழுதிக் கேட்டிருக்கிறார்கள். காரணம் சோம்பல் அல்ல. பத்து நாட்கள் நாம் ஊரிலேயே இல்லை, கடல் தாண்டியிருந்தோம்.

இந்த யாத்திரையின் பெருமை முழுவதும் நம் வீட்டு அம்மாளையே சேர்ந்தது. ஐந்து வருஷம் வாயைக் கட்டி, வயிற்றைக் கட்டிச் சீட்டுப் போட்டு வந்தாள். சீட்டு முடிந்ததும் ஒரு ஜோடி வளையல் கேட்பாள் என்று நாம் நினைத்துக்கொண்டிருந்தோம். "வளையல் பெட்டியில் கிடந்து என்ன செய்யப் போகிறது? நீங்கள் இருபது வருஷமாக வகுப்பில் தேசப்படத்தைக் கோலால் சுட்டிக் காட்டிக்கொண்டிருக்கிறீர்கள். அந்த ஊர்களில் ஒன்றையாவது கண்ணால் பார்த்துவிட்டு வருவோம்" என்றாள். பதில் சொல்லத் தோன்றவில்லை. பாங்காக், கோலாலம்பூர், சிங்கப்பூர் என்று மூன்று நகரங்கள் நிச்சயமாயின.

பாங்காக்கைப் பற்றி அதிகம் எழுதப் போவதில்லை. மூன்றே நாட்களில் நாம் கண்டது அதில் கால்வாசி கூட இராது. சாவோ பிரயா நதியில் படகுப் பிரயாணம் செய்தோம். வாட் போ ஆலயத்தில் 46 மீட்டர் நீளத்துக்குச் சயனித்திருக்கும் புத்தரைத் தரிசித்தோம். ஆனால் நம் மனத்தைக் கட்டி இழுத்தது நகரத்தின் நடுவில் நிற்கும் ராட்சச ஊஞ்சல்தான். ஊஞ்சல் என்றால் பலகையும் சங்கிலியும் இல்லை. செந்நிறம் பூசிய தேக்குத் தூண்கள் மட்டும் ஆகாயத்தை நோக்கி நிற்கின்றன. அங்குள்ள அரண்மனைப் பிராமணர்கள் நடத்திய விழாவில் இதில் ஊஞ்சல் ஆடுவார்களாம். 1935-ம் வருஷத்தோடு ஆடுவது நின்றுபோயிற்று. அந்த விழாவின் பெயர் திரியம்பாவாய். நம் திருவெம்பாவையே கடல் கடந்து அப்படி உருமாறியது என்று அறிஞர்கள் காட்டியிருக்கிறார்கள். மோட்டார்கள் சுற்றிச் சுற்றிப் போகும் அந்த இடத்தில் நின்றுகொண்டு, மார்கழி விடியற்காலையை நினைத்துக்கொண்டோம்.

கோலாலம்பூர் என்பதற்குச் சேறான ஆற்றுச் சங்கமம் என்று பொருள். சேற்றிலிருந்து எழுந்த ஊர் 452 மீட்டர் உயரத்துக்கு இரட்டைக் கோபுரம் கட்டி, 1998 முதல் 2004 வரை உலகத்திலேயே உயர்ந்த கட்டடம் என்ற பெயரையும் வைத்திருந்தது. அண்ணாந்து பார்த்ததில் கழுத்து வலித்ததைத் தவிர அதைப் பற்றிச் சொல்ல நமக்கு வேறொன்றும் இல்லை. தரைக்குக் கீழே இருப்பதல்லவா அதிசயம்! 2007-ல் அங்கே ஒரு சுரங்கம் திறந்தார்கள். சாதாரண நாளில் அதன் ஒரு பகுதியில் மோட்டார்கள் ஓடும். பெருமழை வந்தால் வண்டிகளை நிறுத்திக் கதவுகளை அடைத்துவிட்டு, அதே வழியாக வெள்ளத்தை ஊருக்கு வெளியே அனுப்பிவிடுகிறார்கள். 2015-ம் வருஷம் டிசம்பரில் சென்னையில் மாடியில் நின்று படகுக்குக் கை காட்டியவர்கள் இதைப் படித்தால் பெருமூச்சு விடாமல் இருக்க மாட்டார்கள்.

பத்துமலையில் 272 படிகள். நம் அம்மாளுக்கு முழங்கால் வலி உண்டு. "முருகன் கூப்பிட்டால் கால் வராமலா போகும்?" என்று சொல்லிவிட்டு நமக்கு முன்னால் ஏறினாள். பாதி வழியில் மூச்சு வாங்கி உட்கார்ந்தது யார் என்பதை இங்கே வெளியிட உத்தேசம் இல்லை. அப்படி உட்கார்ந்திருந்த சமயம் பார்த்து ஒரு குரங்கு நம் கையிலிருந்த வாழைப்பழச் சீப்பை முழுசாக வாங்கிக்கொண்டு போயிற்று.

அங்கிருந்து பஸ்ஸில் சிங்கப்பூர். ஜோகூரையும் தீவையும் இணைக்கும் பாலத்தின் ஓரமாகப் பெரிய பெரிய குழாய்கள் போகின்றன. அவைதான் சிங்கப்பூரின் தண்ணீர். 1962-ல் செய்த ஒப்பந்தப்படி 2061 வரையில் ஜோகூர் நதியிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். அதற்குப் பிறகு என்ன என்று இன்றைக்கே கவலைப்பட்டு, கழிவு நீரைச் சுத்தி செய்து 2003 முதல் உபயோகிக்கிறார்கள். 2005 முதல் கடல் நீரையும் குடிநீராக்குகிறார்கள். 2008-ல் கடல் முகத்துவாரத்தை அணை போட்டு மறித்து, நகரத்தின் நடுவிலேயே நன்னீர் ஏரி அமைத்துவிட்டார்கள். "நம்மூரில் குழாயடிச் சண்டை போடுகிற நேரத்தில் இவர்கள் ஏரியே வெட்டிவிட்டார்கள்" என்றாள் அம்மாள்.

ரயில் நிலையங்களில் ஆங்கிலம், சீனம் இவற்றோடு தமிழும் பெயர்ப் பலகையில் இருக்கிறது. அதைக் கண்டு நாம் உள்ளம் பூரித்து நின்ற அழகைப் பார்த்து, பக்கத்திலிருந்த சீனக் கிழவர் ஒருவர் நமக்கு வழி தெரியவில்லையோ என்று கவலைப்பட்டு உதவிக்கு வந்துவிட்டார். செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தையும் பார்த்தோம். 1862-ல் பிரதிஷ்டையான அந்தக் கட்டடத்தை எழுப்பியவர்கள் இந்தியாவிலிருந்து தீவாந்தரம் அனுப்பப்பட்ட கைதிகள். சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கருவும் சர்க்கரையும் தேங்காய் மட்டை ஊறிய நீரும் கலந்து, மெழுகிய சுவர். மதராஸ் சுண்ணாம்பு என்று அதற்குப் பெயர். மெழுகியவர்களின் பெயரைக் கேட்டால் சொல்வாரில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தேக்கா பக்கம் போனோம். மாட்டுப்பொங்கலன்று திருவாரூர்க் கடைத்தெருவில் நிற்பது போல இருந்தது. வாரம் ஒரு நாள் விடுமுறை கிடைத்த வாலிபர்கள் ஆயிரக்கணக்கில் புல்தரையிலும் நடைபாதையிலும் உட்கார்ந்து, ஊருக்கு டெலிபோன் பேசிக்கொண்டிருந்தார்கள். திடீரென்று பின்னாலிருந்து "ஸார்!" என்று ஒரு குரல். அந்த ஒரு சொல்லில் வாத்தியார் தலை தானாகத் திரும்பிவிடும்.

திரும்பினோம். முகம் தெரிந்தது, பெயர் வரவில்லை. அவனே சொன்னான். பதினெட்டு வருஷத்துக்கு முன் நம்மிடம் ஒன்பதாம் வகுப்பில் கணக்குப் படித்தவன். பெயரைக் கேட்டதும் நமக்கு வேறொன்றும் கூடவே ஞாபகம் வந்தது. ஒரு நாள் கரும்பலகை முன்னால் அவனை நிறுத்தி, நாற்பது பையன்கள் கேட்க, "உனக்குக் கணக்கு ஜன்மத்தில் வராது, நீ கல்லும் மண்ணும் சுமக்கத்தான் லாயக்கு" என்று சொன்னோம். அந்த வருஷத்தோடு பள்ளிக்கூடம் வருவதை நிறுத்திவிட்டான்.

அவனுக்கு அது ஞாபகம் இருந்ததா என்று நாம் கேட்கவில்லை. நம்மையும் அம்மாளையும் ஒரு சாப்பாட்டுக் கடைக்கு இழுத்துக்கொண்டு போய்த் தோசையும் காப்பியும் வாங்கிக் கொடுத்தான். பணம் கொடுக்க நாம் எழுந்தபோது கையைப் பிடித்துக்கொண்டான். "இன்றைக்கு நீங்கள் என் விருந்தாளி, ஸார்."

அவன் தொழில் கம்பி கட்டுவது. கான்கிரீட் போடுமுன் தூணுக்கும் தளத்துக்கும் இரும்புக் கம்பிக் கூடு பின்ன வேண்டுமல்லவா, அந்த வேலை. ஏஜெண்டுக்குக் கொடுக்க வட்டிக்கு வாங்கிய கடனை அடைக்கவே முதல் பதினாலு மாதச் சம்பளம் போயிற்றாம். விடுதி ஊருக்கு வெகு தூரத்தில். ஓர் அறைக்குப் பன்னிரண்டு பேர். விடியுமுன் லாரியின் பின்புறம் உட்கார்ந்து வேலைக்குப் போகிறான். 2020-ல் கொரோனா வந்தபோது அந்த ஊரில் நோய் கண்டவர்களில் மிகப் பெரும்பாலோர் இத்தகைய விடுதிகளில் இருந்த தொழிலாளிகளே. மாதக் கணக்கில் அறையை விட்டு வெளியே வர முடியாமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்ததைச் சொன்னபோது மட்டும் அவன் குரல் சற்று இறங்கியது. மற்றதெல்லாம் சிரித்துக்கொண்டே சொன்னான். தங்கைக்குக் கல்யாணம் செய்தாகிவிட்டது. வீட்டுக்கு மேல்தளம் போட்டாகிவிட்டது.

"கம்பி இத்தனை இருக்கிறதே, தப்பாமல் எப்படிப்பா கட்டுகிறாய்?" என்று அம்மாள் கேட்டாள்.

"வரைபடத்தில் இருக்கும், அம்மா. எந்தக் கனத்துக் கம்பி, எவ்வளவு நீளம், எத்தனை அங்குல இடைவெளி எல்லாம் கணக்குத்தான். எங்கள் கூட்டத்தில் நான்தான் பார்த்துச் சொல்வேன்" என்றான். நம் பக்கம் திரும்பி, "இல்லையா, ஸார்?" என்று சிரித்தான். காப்பியைக் குடிப்பது போல நாம் முகத்தைக் குனிந்துகொண்டோம்.

புதிதாகத் திறந்த சுரங்க ரயில் நிலையம் ஒன்றின் பெயரைச் சொல்லி, அதில் தான் வேலை செய்ததாகவும், முடிந்தால் பார்த்துவிட்டுப் போகும்படியும் கேட்டுக்கொண்டான். மறுநாள் நாம் போக வேண்டிய இடம் கடலோரத்துப் பூங்கா. மூன்று கோபுரங்களின் தலையில் கப்பலை ஏற்றி வைத்தாற்போன்ற அந்தப் பிரசித்தமான ஹோட்டல். அம்மாள் அதை மாலைக்குத் தள்ளிவிட்டாள். காலையில் அந்த நிலையத்துக்குப் போனோம். ஏணிப்படி தானே இறங்குகிறது. பளிங்கு போல் தரை. வெளியூரார் யாரும் வேடிக்கை பார்க்க வரக்கூடிய இடமல்ல. இரும்பு உள்ளே போய்விட்டது. வெளியே வழவழவென்று சுவர்தான் தெரிகிறது. அம்மாள் ஒரு தூணைக் கையால் தடவிப் பார்த்தாள். வேலைக்கு விரைகிறவர்கள் எங்களை விநோதமாகப் பார்த்துக்கொண்டு போனார்கள். அப்போதுதான் அவள் கேட்டாள்: "நேற்று அந்தப் பையன் கணக்கு என்றதும் உங்கள் முகம் ஏன் அப்படிப் போயிற்று?" சொன்னோம். அவள் ஒன்றும் பேசவில்லை. அடுத்த ரயில் வருகிற வரையில் பேசவில்லை.

ஊர் திரும்பும்போது அவன் ஒரு மூட்டை கொடுத்தனுப்பினான்: கோடாலித் தைலம் ஆறு புட்டி, ஒரு கம்பளி, மிட்டாய், பால்பவுடர். திருச்சி விமான நிலையத்தில் இறங்கி இரண்டாம் நாள், மன்னார்குடிக்கு அப்பாலுள்ள அவன் கிராமத்துக்குப் பஸ் ஏறினோம். தாயார் திண்ணையில் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். விஷயம் தெரிந்ததும் பாய் விரித்தாள், மோர் கொடுத்தாள். தைலப் புட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"வெயிலில் வேலையா, ஐயா, நிழலிலா? கேட்டால் ஏ.ஸி. அறையில் என்கிறான்."

வகுப்பில் ஆயிரம் கேள்விகளுக்கு விடை சொன்ன நமக்கு நாக்கு எழவில்லை. அம்மாள்தான் சொன்னாள்: "வெயிலில்தான், அம்மா. ஆனால் உடம்பு நன்றாக இருக்கிறது. பத்துப் பேருக்கு வேலை சொல்லிக் கொடுக்கிறான்."

"அது எனக்குத் தெரியும். போட்டோவில் கை கறுத்துக் கிடக்கிறதே" என்றாள் அந்தத் தாய்.

புறப்படும்போது முறத்திலிருந்த கடலையில் இரண்டு படி அளந்து துணியில் கட்டினாள். வேண்டாம் என்று நாம் எவ்வளவோ மறுத்தும் கேட்கவில்லை. "எழுத்தும் கணக்கும் சொல்லிக் கொடுத்த வாத்தியார் வெறுங்கையோடு போகலாமா?" என்று நம் தோள் பையிலேயே திணித்துவிட்டாள். பஸ் வர முக்கால் மணி ஆயிற்று. அதுவரையில் புளியமரத்து நிழலில் நாங்கள் இருவரும் அந்தப் பையைப் பார்த்துக்கொண்டே நின்றிருந்தோம்.