விலாசம் கேட்டதும் முகம் மாறுவதா?

பழைய மகாபலிபுரம் ரோட்டில் வரிசையாகக் கம்ப்யூட்டர் கம்பெனிகள். கூப்பிடு தூரத்தில் கண்ணகி நகர். கூவம், அடையாறு கரைகளில் குடிசை போட்டிருந்த ஏழைகளை 2000-ம் ஆண்டு முதல் லாரியில் ஏற்றி வந்து குடிவைத்த இடம். சுமார் 15 ஆயிரம் வீடுகள்!

அந்தக் கம்பெனிகளைக் கூட்டிப் பெருக்க இங்கிருந்து ஆள் போகலாம். ஆட்சேபணை இல்லை. ஆனால் பட்டம் வாங்கிய பையன் மேஜை வேலை கேட்டுப் போனால் கதையே வேறு.

இண்டர்வியூ நன்றாகத்தான் போகும். "வீடு எங்கேப்பா?" என்பார்கள். "கண்ணகி நகர் சார்" என்றதும் முகம் மாறும். "சொல்லி அனுப்புறோம்." அதோடு சரி!

பல வருஷமாக அங்குள்ள இளைஞர்கள் சொல்லும் புகார் இது. சிலர் விலாசத்தில் கண்ணகி நகரை விட்டுவிட்டு, துரைப்பாக்கம் என்று மட்டும் எழுதுகிறார்களாம்.

இப்படி நாலு இடத்தில் அடிபட்டவன், "என் கையில என்ன இருக்கு? எல்லாம் தலையெழுத்து" என்கிறான். உடனே பெரியவர்கள், "இந்தக் காலத்துப் பசங்களுக்கு முயற்சியே கிடையாது" என்கிறார்கள். முயன்றால் நடக்கும் என்ற நம்பிக்கை உபதேசத்தால் வருமா? நாலு தடவை முயன்று இரண்டு தடவையாவது நடந்தால்தானே வரும்!

அமெரிக்காவில் சுமார் 6 லட்சம் மாணவர்களை ஆராய்ந்து ஜேம்ஸ் கோல்மன் குழு 1966-ல் ஓர் அறிக்கை கொடுத்தது. கட்டிடம், புத்தகம் போன்ற பள்ளி வசதிகள் எல்லாவற்றையும்விட, "என் வாழ்க்கை என் கையிலும் இருக்கிறது" என்ற எண்ணத்துக்கும் படிப்புக்கும்தான் தொடர்பு அதிகம் என்றது அது. கறுப்பர் வீட்டுப் பிள்ளைகளிடம் இந்த எண்ணம் குறைவாக இருந்தது. ஆனால் வெள்ளைக்காரப் பிள்ளைகள் நிறையப் படிக்கும் பள்ளிகளில் சேர்ந்து படித்த கறுப்பர் பிள்ளைகளிடம் அது கூடுதலாகக் காணப்பட்டது. இனம் ஒன்றுதான், அக்கம்பக்கம் வேறு!

இங்கேயும் பாருங்கள். 2025 அக்டோபரில் பக்ரைனில் நடந்த ஆசிய இளையோர் போட்டியில் இந்தியப் பெண்கள் கபடி அணி தங்கம் வென்றது. அதில் ஆடிய கார்த்திகா, கண்ணகி நகர்ப் பெண்! கபடி மைதானத்தில் யாரும் விலாசம் கேட்பதில்லை. எதிராளியைத் தொட்டுவிட்டுக் கோட்டுக்குத் திரும்பினால் பாயிண்ட். உழைப்புக்குக் கூலி அங்கேயே, அப்பொழுதே.

அதற்காக எல்லோரும் தங்கம் வாங்க முடியுமா? கிளார்க் வேலை கேட்பவனுக்கு ஆசிய மெடல் எதற்கு?

கண்ணகி நகரில் குற்றமே நடப்பதில்லை என்று யாரும் சொல்லவில்லை. குற்றவாளியைப் போலீஸ் பிடிக்கட்டும். பக்கத்து வீட்டுப் பையன் பட்டதாரியாக வந்து நின்றால் அவனுக்கு ஏன் தண்டனை?

கம்பெனிக்காரர்களை அதிகாரிகள் அழைத்துப் பேச வேண்டும். விண்ணப்பத்தில் படிப்பு, அனுபவம் மட்டும் கேட்கட்டும். ஆளைத் தேர்ந்தெடுத்த பிறகு விலாசம் வாங்கி, தேவையானால் போலீசில் விசாரித்துக் கொள்ளட்டும். இதற்குக் காலணா செலவில்லை. கடைக்குப் பையன் தேடும் முதலாளிகளும் கணக்குப் போடத் தெரியுமா என்று முதலில் கேட்கட்டும். வீடு எங்கே என்பதை அப்புறம் கேட்டுக் கொள்ளலாம்.