இனி ஒருத்தி மட்டும் போகக் கூடாது

கச்சிராயபாளையம், சின்னசேலம், கள்ளக்குறிச்சி ஊர்க்காரர்களுக்கும், மேலே வெள்ளிமலை, கரியாலூர்ப் பக்கத்துச் சொந்தங்களுக்கும் இந்தக் கடிதம்.

2025 ஜூனில் என் கைபேசிக்கு ஒரே செய்தியை ஆளாளுக்கு அனுப்பினீர்கள். கருமந்துறை அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியில் படித்த மலையாளிப் பழங்குடிப் பெண், ஜேஇஇ அட்வான்ஸ்டு தேர்வில் பழங்குடியினர் பிரிவில் 417ஆவது இடம் பிடித்து, சென்னை ஐஐடிக்குப் போகிறார் என்ற செய்தி. படிப்புச் செலவை அரசே ஏற்கும் என்று முதலமைச்சர் அறிவித்ததும் வந்தது. கருமந்துறை சேலம் மாவட்டம் ஆயிற்றே, நமக்கென்ன என்று ஒருவர் குழுவில் முனகினார். கல்வராயன் மலையை இரண்டு கலெக்டர்கள் பங்கு போட்டிருப்பது அந்தப் பெண்ணின் குற்றமா என்ன. அவர் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. போதுமான அளவுக்குப் பேனர்களில் வந்துவிட்டது, நிம்மதியாகப் படிக்கட்டும்.

எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் 'முதல் பெண்' என்று எல்லாரும் கொண்டாடியபோது எனக்குக் கோபமும் வந்தது. சென்னை ஐஐடி 1959இல் தொடங்கியது. கல்வராயன் மலையிலிருந்து அது இருக்கும் கிண்டிக்கு ஒரு ராத்திரிப் பயணம். அந்தத் தூரத்தைக் கடக்க 66 வருடம் ஆகியிருக்கிறது என்றால் வெட்கப்பட வேண்டியவர்கள் வேறு யாரோ. மலைக்காரர்களுக்குப் படிப்பு வராது என்று சந்தைக்கடையில் பேசுகிற நம்மவர்களுக்கு ஒரு கணக்கை நினைவூட்டுகிறேன். நாட்டுக்குச் சுதந்திரம் வந்து 29 வருடம் கழித்து, 1976இல்தான் ஜாகிர்தார்களின் கையிலிருந்து இந்த மலை அரசாங்கத்தின் கைக்கு வந்தது. அதுவரை ஜாகிர்தாருக்குக் கூலியில்லாமல் வெட்டி வேலை செய்தவர்களின் பேரப்பிள்ளைகள்தான் இப்போது பள்ளியில் இருக்கிறார்கள். 2024இல் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் செத்த பிறகுதான், உயர் நீதிமன்றம் மலை மக்களின் வாழ்க்கை நிலை குறித்துத் தானாக முன்வந்து வழக்கு எடுத்தது. சாராயம் காய்ச்சுகிற மலை என்று போலீஸுக்குத் தெரிந்த அளவுக்கு, பள்ளிக்கூடம் கேட்கிற மலை என்று மற்ற துறைகளுக்குத் தெரியவில்லை.

படிப்பு வராது என்கிற பேச்சுக்கு இங்கேயும் ஒரு பதில் கிடைத்தது. நான் இருப்பது வால்தம் என்ற சிறிய ஊர், அமெரிக்காவின் பாஸ்டனுக்குப் பக்கத்தில். எம்ஐடியும் ஹார்வர்டும் கிட்டத்தில்தான் இருக்கின்றன. 2023 ஜூன் 29 அன்று, மாணவர் சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்று இங்குள்ள உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. அதற்கு முந்தைய ஆண்டுகளில் எம்ஐடியில் புதிதாகச் சேர்ந்தவர்களில் கறுப்பின மாணவர்கள் சராசரி 13 சதவீதம். 2024இல் சேர்ந்தவர்களில் 5 சதவீதம். பிள்ளைகளின் புத்தி ஒரு வருடத்தில் இப்படிக் குறைந்துவிடுமா? கதவின் அகலத்தைத்தான் குறைத்தார்கள். நம் ஊரில் பழங்குடியினருக்கு மத்திய நிறுவனங்களில் 7.5 சதவீதம் என்பது யாருடைய தயவும் இல்லை, சட்டம். அதைச் சலுகை என்று இளக்காரமாகப் பேசுகிற படித்த அண்ணன்மார்கள் இந்த எம்ஐடி கணக்கை ஒருமுறை பார்க்க வேண்டும்.

ஆனால் சட்டம் வாசல் வரைக்கும்தான் கூட வருகிறது. அதற்கு முன்னாலும் பின்னாலும் நடப்பதுதான் என் கவலை.

முன்னால் நடப்பதைப் பாருங்கள். ஜேஇஇ மெயின் தேர்வை 2021 முதல் தமிழிலும் எழுதலாம். அதைத் தாண்டி அட்வான்ஸ்டு தேர்வுக்குப் போனால் வினாத்தாள் ஆங்கிலம், இந்தி இரண்டில் மட்டும். பன்னிரண்டு வருடம் தமிழில் படித்த பிள்ளை, கடைசி மூன்று மாதத்தில் பாடத்தோடு மொழியையும் சேர்த்துப் படிக்க வேண்டும். போட்டியோ, பழங்குடியினர் பிரிவுக்குள்ளேயே, ராஜஸ்தானின் கோட்டா நகரில் இரண்டு வருடம் பணம் கட்டிப் பயிற்சி எடுத்தவர்களோடு. வெள்ளிமலையில் ஏகலைவா மாதிரி உண்டு உறைவிடப் பள்ளி இருக்கிறது. (கட்டை விரலை வாங்கிக்கொண்டு அனுப்பப்பட்டவனின் பெயரைப் பழங்குடிப் பிள்ளைகளின் பள்ளிக்கு வைக்கலாம் என்று யாருக்குத் தோன்றியதோ!) அங்கே ஒன்பதாம் வகுப்பிலிருந்தே இந்தத் தேர்வுக்கான ஆங்கிலத்தைக் கற்றுக்கொடுக்கச் சொல்லி நீங்கள் கேட்க வேண்டும். தமிழிலும் வினாத்தாள் வேண்டும் என்று நம் எம்.பி. டெல்லியில் கேட்க வேண்டும். இரண்டில் ஒன்று போதும் என்று விட்டுவிடாதீர்கள்.

உள்ளே போன பிறகு முதல் வாரத்தில் வருகிற கேள்வி, "உன் ரேங்க் என்ன?" விசாரிப்பு மாதிரி இருக்கும், எந்த ஒதுக்கீட்டில் வந்தாய் என்பதுதான் அதற்கு அர்த்தம். 2023 பிப்ரவரியில் மும்பை ஐஐடியில் முதலாண்டு தலித் மாணவர் ஒருவர் இறந்தார். சாதிப் பாகுபாடு பற்றி நாடு முழுவதும் விவாதம் எழுந்தது. அதே ஆண்டு ஜூலையில், சக மாணவரிடம் ரேங்க் கேட்பது முறையல்ல என்று அந்த நிறுவனமே எழுத்தில் அறிவுறுத்த வேண்டியதாயிற்று. சென்னை ஐஐடியில் 2018 டிசம்பரில் உணவுக்கூடம் ஒன்றில் சைவத்துக்குத் தனி வாசல், கை கழுவத் தனி இடம் என்று அறிவிப்பு ஒட்டப்பட்டது. எதிர்ப்பு கிளம்பிய பிறகு எடுக்கப்பட்டது. கடல் தாண்டினாலும் இது விடுவதில்லை. நான் இருக்கும் வால்தமில்தான் பிராண்டைஸ் பல்கலைக்கழகம் இருக்கிறது. 2019இல் அமெரிக்கக் கல்வி நிறுவனங்களிலேயே முதலாவதாக, சாதிப் பாகுபாட்டுக்குத் தடை என்று அது தன் விதிகளில் சேர்த்தது. வெள்ளைக்காரனுக்கு இந்த விதி எதற்கு? நாம் பெட்டியில் ஊறுகாயோடு சாதியையும் கட்டி எடுத்து வந்ததற்காக.

ஐஐடிக்காரர்களை மட்டும் திட்டிவிட்டு எழுந்துவிடலாம் என்று பார்க்காதீர்கள். நம் கச்சிராயபாளையத்தில், கள்ளக்குறிச்சியில், மலைப் பிள்ளை வகுப்பில் பேசினால் அந்தப் பேச்சைத் திருப்பிப் பேசிக் காட்டிச் சிரிப்பது எத்தனை பள்ளிகளில் நடக்கிறது? புளி, கடுக்காய் விற்க இறங்கி வருகிறவரை வயதுக்கு மரியாதை இல்லாமல் "வா, போ" என்று கூப்பிடுகிறோமா இல்லையா? அங்கே கிண்டியில் கேட்கப்படும் ரேங்க் கேள்விக்கு இங்கே சந்தையிலேயே ஒத்திகை நடந்துவிடுகிறது.

அதனால்தான் ஒருத்தி மட்டும் போகக் கூடாது என்கிறேன். தனியாகப் போகிறவள் ஒரு தேர்வில் தோற்றாலும் மலையே தோற்றதாகப் பேசுவார்கள். பத்துப் பேர் போனால், அதில் இரண்டு பேர் சுமாராகப் படிக்கவும் உரிமை உண்டு. நகரத்துப் பிள்ளைகள் எத்தனையோ பேர் சுமாராகத்தான் படிக்கிறார்கள். அவர்களை வைத்து யாரும் ஊரை எடை போடுவதில்லை.

பத்துப் பேருக்குத் தடையாக நிற்பது பல சமயம் ஒரு காகிதம். மலையாளி என்ற பெயர் பழங்குடிப் பட்டியலில் எல்லா மாவட்டத்துக்கும் இல்லை. பழைய தென்னார்க்காடு, சேலம் உள்ளிட்ட சில மாவட்டங்களுக்கு மட்டும்தான். பழங்குடிச் சான்றிதழ் தருவது தாசில்தார் அல்ல, கோட்டாட்சியர். அப்பா அம்மா குடகுக்குக் காப்பித் தோட்ட வேலைக்குப் போயிருந்தால், பிள்ளை யாரைக் கூட்டிக்கொண்டு கள்ளக்குறிச்சிக்கு இறங்குவது? பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, கலந்தாய்வுக்குத் தேதி வந்த பிறகு அலைந்தால் இடம் போய்விடும். ஆறாம் வகுப்பில் சேரும்போதே எல்லாருக்கும் வாங்கி வைத்துவிட வேண்டும்.

ஜூனில் பள்ளி திறந்ததும் வெள்ளிமலையில் சான்றிதழ் முகாம் நடத்தச் சொல்லிக் கோட்டாட்சியருக்கு மனு எழுதுங்கள். அடிவாரத்து ஊர்ப் பெரியவர்களும் மலைப் பெரியவர்களும் ஒரே மனுவில் கையெழுத்துப் போடுங்கள். மலைக் கிராமங்களிலிருந்து வெள்ளிமலைக்கு வண்டி வாடகை, ஜெராக்ஸ், சாப்பாட்டுச் செலவு இங்குள்ள நாங்கள் நாலைந்து குடும்பம் ஏற்றுக்கொள்கிறோம். பேனருக்குக் கேட்டால் தர மாட்டோம்.

இப்படிக்கு,
கச்சிராயபாளையத்துக்காரன் ஒருவன்,
வால்தம், மாசசூசெட்ஸ்.