ஒரே மூச்சில் படித்தீரே, ஒரு பெயர் சொல்வீரா?

"ஒரே மூச்சில் படித்து முடித்தேன்!" என்றார் ஒரு நண்பர்.

"கீழே வைக்க மனம் வரவில்லை, விடியும்வரை விளக்கை அணைக்கவில்லை!" என்றார் மற்றொருவர்.

"முதல் நூறு பக்கம் சுணக்கம், அதைத் தாண்டிவிட்டால் பறக்கிறது கதை!" என்று தீர்ப்பளித்தார் மூன்றாமவர்.

நண்பகல் உணவு வேளையில், ஆசிரியர் அறையிலே நாம் கேட்ட பொன்மொழிகள் இவை. இப்பொன்மொழிகளுக்குப் பொருளானது, சுவீடன் நாட்டு எழுத்தாளர் ஸ்டீக் லார்சன் எழுதி, 'தி கேர்ள் வித் தி டிராகன் டாட்டூ' எனும் பெயரில் ஆங்கிலத்தில் உலாவரும் துப்பறியும் புதினம். கை மாறிக் கை மாறி, அட்டை கிழிந்து, நம் கைக்கும் வந்தது. நாமும் படித்தோம். மறைப்பானேன், நாமும் விளக்கை அணைக்கவில்லை! திருத்த வேண்டிய கட்டுரை நோட்டுகள் மேசைமீது காத்துக் கிடந்தன. நாமோ, கொலையாளி யார், எங்கே சிக்குவான், எப்போது சிக்குவான் என்று பக்கங்களைப் புரட்டிக்கொண்டிருந்தோம்.

மறுநாள் நண்பர்களிடம் ஒரு கேள்வி கேட்டோம். சிறு கேள்விதான். "கதையிலே கொல்லப்பட்ட பெண்களுள் ஒருத்தியின் பெயரைச் சொல்லுங்கள்."

விழித்தனர் மூவரும்! கொன்றவன் பெயர் தெரிந்தது. அவன் வீடு தெரிந்தது. அவ்வீட்டின் நிலவறைகூடத் தெரிந்தது. மாண்டவள் பெயர் மட்டும் தெரியவில்லை. நாம் சிரிக்கவில்லை, வெட்கப்பட்டோம். ஏனெனில், கேள்வி கேட்ட நமக்கும் விடை தெரியாது! நூலைத் திரும்ப வாங்கிப் புரட்டிய பிறகே தெரிந்தது.

அந்த வெட்கத்திலே பிறந்தது இக்கட்டுரை.

"துப்பறியும் கதையே கூடாது, அது இளைஞர் உள்ளத்தைக் கெடுக்கும் நஞ்சு" என்று முகஞ்சுளிக்கும் பெரியவர்கள் உண்டு. அவர்கள் அணியில் நாம் இல்லை. கொலையைப் பற்றி எழுதுவதால் ஒரு நூல் கெட்டுவிடாது. கொலையைப் பற்றிப் பேச அஞ்சும் சமுதாயமே கெடும். நம் வழக்கு நூலோடு அன்று. நூலைப் படித்தோர் கூறும் கருத்தோடு. 'வேகம்' எனும் ஒரே முழக்கோலைக் கையிலே வைத்துக்கொண்டு, அளக்க வேண்டியவற்றையெல்லாம் அளந்துவிட்டதாக எண்ணும் அந்த எண்ணத்தோடு!

ரயில் வண்டியைப் பற்றி, 'வேகமாக ஓடிற்று' என்றால் அது பாராட்டு. ஆனால், தண்டவாளத்திலே ஐந்து பெண்கள் கிடந்தனர் என்றால், 'என்ன வேகம், என்ன வேகம்!' என்று கைதட்டுவோமா? 'யார்மீது ஏறி ஓடிற்று?' என்றல்லவா கேட்போம்! வண்டிக்குக் கேட்கும் கேள்வியைக் கதைக்குக் கேட்க நமக்கு நா எழவில்லையே, ஏன்?

பெயர் மாறியது, பார்வையும் மாறியது

லார்சன் யார்? பொழுது போகாதவர்களுக்குக் கொலைக் கதை விற்றுக் காசு குவித்தவர் அல்லர். 1995-இல் 'எக்ஸ்போ' என்ற அமைப்பையும் ஏட்டையும் தோற்றுவித்தவர்களுள் ஒருவர். சுவீடனில் இனவெறியரும் நாஜிக் கொள்கையினரும் செய்யும் சூழ்ச்சிகளைத் தோண்டித் துருவி, வெளிச்சத்திற்குக் கொண்டுவந்த ஏடு அது. 2004 நவம்பரில், ஐம்பதாம் வயதில், மாரடைப்பால் மாண்டார். 2005-இல் புதினம் வெளிவந்தது, நாடு நாடாகச் சென்றது, கோடிக்கணக்கானோர் வாங்கினர். எழுதியவர் அதன் ஒரு படியைக்கூட அச்சிலே காணவில்லை.

அவர் தம் நூலுக்குச் சூட்டிய பெயர் என்ன தெரியுமா? 'பெண்களை வெறுக்கும் ஆண்கள்'!

சுவீடன் மொழியில் இன்றும் அதுவே பெயர். 2008-இல் ஆங்கிலத்தில் அச்சேறியபோதுதான் அப்பெயர் மறைந்து, 'டிராகன் பச்சை குத்திய பெண்' பிறந்தாள். முதற்பெயர் குற்றவாளியைச் சுட்டியது. இரண்டாம் பெயர் ஒரு பெண்ணின் உடலைச் சுட்டுகிறது. முதற்பெயர் கேள்வி கேட்டது. இரண்டாம் பெயர் கண்சிமிட்டுகிறது! இருபத்து நான்கு வயதுடையவளை, கணிப்பொறியைக் கையாளும் ஆற்றலால் ஆடவர் பலரைத் திணறவைக்கும் சாலண்டரை, 'சிறுமி' என்றும் பொருள்படும் சொல்லால் அழைக்கிறது. அட்டையிலேயே திசைதிருப்பப்பட்ட வாசகன், உள்ளே மட்டும் சரியான வழியில் செல்வான் என்று எப்படி எதிர்பார்ப்பது?

உள்ளே லார்சன் வழிகாட்டாமல் விடவில்லை. பகுதிதோறும் முகப்பிலே ஒரு புள்ளிவிவரத்தை நிறுத்தியிருக்கிறார். சுவீடன் பெண்களில் 18 விழுக்காட்டினர் ஆடவனால் மிரட்டப்பட்டவர்கள். 46 விழுக்காட்டினர் ஆடவனின் வன்முறைக்கு ஆளானவர்கள். பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களில் 92 விழுக்காட்டினர், கடைசியாக நேர்ந்ததைப் போலீசாரிடம் சொல்லாதவர்கள். வளமும் கல்வியும் நிறைந்த நாடு என்று உலகம் போற்றும் சுவீடனைப் பற்றிய கணக்கு இது! கதையைப் படிக்கும் முன் இதைப் படி என்கிறார் ஆசிரியர். நாமோ, எண்களைத் தாண்டிக் குதித்துக் கொலைக்கு ஓடினோம்.

சரி, அந்த 'முதல் நூறு பக்கச் சுணக்கம்' எது? போலந்து நாட்டில் தொழில் தொடங்குவதாகக் கூறி, மக்கள் பணத்தை விழுங்கிய நிதி முதலை ஒருவனைப் பற்றி எழுதி, அவதூறு வழக்கிலே தண்டனை பெறுகிறான் பத்திரிகையாளன் புளோம்க்விஸ்ட். அந்தப் பகுதிதான் 'சுவையில்லை'! பணக்காரன் நாட்டையே சுரண்டினால் நமக்குக் கொட்டாவி வருகிறது; பெண்ணொருத்தியை வெட்டினால் விழிப்பு வருகிறது. சுணக்கம் கதையிலா இருக்கிறது, தோழர்களே? நம் உள்ளத்திலே அல்லவா இருக்கிறது!

ஐந்து பெயர்கள்

கதையின் முடிச்சு ஒரு நாட்குறிப்பு. 1966-இல் காணாமற்போன பெண் எழுதிவைத்தது. அதில் ஐந்து குறிப்புகள். மக்தா, சாரா, மாரி என மூன்று பெயர்கள். மற்ற இருவருக்கு முதலெழுத்துகள் மட்டும். பெயருக்குப் பக்கத்தில் எண்கள். தொலைபேசி எண்கள் என்று பல்லாண்டுக் காலம் போலீசார் நினைக்கின்றனர். அவை விவிலியத்தின் லேவியராகமப் பகுதியைச் சுட்டும் எண்கள் எனப் பிறகு புலனாகிறது. பழைய நூலின் தண்டனைச் சட்டத்தைப் பெண்களின் உடல்மீது எழுதிப் பார்த்த வெறிச்செயல்!

முதலெழுத்து மட்டும் பெற்றவர்களுள் ஒருத்தி ரெபேக்கா. பெருமுதலாளிக் குடும்பத்தின் நிறுவனத்தில், அலுவலக வேலை பார்த்தவள். காலையில் வேலைக்குப் புறப்பட்டவள், மாலையில் வீடு திரும்பியவள், மாதச் சம்பளத்தை எண்ணிப் பார்த்தவள். நம்மைப் போன்றவள். அவளை நாம் என்ன செய்தோம்? குறுக்கெழுத்துப் புதிரின் கட்டமாக ஆக்கினோம். கட்டம் நிரம்பியது, அடுத்த கட்டத்திற்குத் தாவினோம்.

கொன்றவனின் பெயரை நாம் எழுதப்போவதில்லை. படியாதவரின் சுவையைக் கெடுக்கலாகாது என்பது ஒரு காரணம். அவன் பெயர் போதுமான அளவு பேசப்பட்டுவிட்டது என்பது மற்றொரு காரணம்.

"என்ன மூளை அவனுக்கு!"

வாசகர் கூறும் கருத்துகளுள் நம்மை மிகவும் வாட்டுவது இதுதான். "என்ன மூளை, என்ன திட்டம்! இத்தனை ஆண்டுகள் எவரிடமும் சிக்கவில்லையே!" என்று வியக்கின்றனர். தொடர் கொலையாளி என்றால் மேதை, துப்பறிவோன் அவனைவிட மேதை, இருவரும் ஆடுவது சதுரங்கம் என்ற மயக்கம் ஊறிவிட்டது. ஏட்டிலே இருப்பது போலத்தான் நாட்டிலும் இருக்கிறதா? பார்ப்போம்.

இங்கிலாந்தின் யார்க்ஷயர் பகுதியில், 1975 முதல் 1980 வரை, பதின்மூன்று பெண்களைக் கொன்றான் பீட்டர் சட்கிளிஃப். மேதையா? லாரி ஓட்டி. மறைந்து வாழ்ந்தானா? இல்லை, போலீசார் ஒன்பது முறை அவனைச் சந்தித்துப் பேசி, ஒன்பது முறையும் விட்டுவிட்டனர்! விசாரணை அறையில் மலைபோல் குவிந்த குறிப்பு அட்டைகளில், ஓர் அட்டைக்கும் மற்றோர் அட்டைக்கும் தொடர்பு காண்பார் இல்லை. உயிர்தப்பிய பெண்கள் சொன்ன அடையாளங்களும், அவர்கள் சொற்படி அமைத்த முகப்படங்களும் பயன்படவில்லை.

வேறு எதை நம்பினர்? 1978, 1979 ஆண்டுகளில் வந்த கடிதங்களையும் ஓர் ஒலிநாடாவையும் நம்பினர்! 'நான்தான் ஜாக்' என்று தன்னை அறிவித்துக்கொண்டது அக்குரல். கொலையாளி கடிதம் எழுதுவான், சவால் விடுவான், எள்ளி நகையாடுவான் என்பது கதைப்புத்தக இலக்கணம் அல்லவா? இலக்கணத்திற்குப் பொருந்தியது, எனவே உண்மை என்றனர். அந்தக் குரலின் வட்டார வழக்கைப் பேசாதவன் குற்றவாளி ஆகான் என்று ஒதுக்கினர். அவ்வழக்கைப் பேசாத சட்கிளிஃப் நிம்மதியாக நடமாடினான். ஒலிநாடா வந்த பிறகு மேலும் மூன்று பெண்கள் மாண்டனர். அனுப்பியவன் வெறும் ஏமாற்றுக்காரன். 2006-இல்தான் எட்டாண்டுச் சிறை பெற்றான். சட்கிளிஃப் பிடிபட்டது எப்படி? 1981 சனவரியில், ஷெஃபீல்டு நகரில், வழக்கமான சுற்றுக்காவலில் வந்த போலீசார், அவன் வண்டியின் எண்பலகை போலி என்று கண்டுபிடித்ததால்! சதுரங்கமும் இல்லை, மேதையும் இல்லை.

பிறகு எப்படி ஐந்தாண்டுகள் தப்பினான்? கொல்லப்பட்டவர்களுட் சிலர் 'விலைமாதர்' எனப்பட்டனர். பதினாறு வயதுச் சிறுமி ஒருத்தி 1977-இல் கொல்லப்பட்டபோதுதான், 'குற்றமற்றவள் ஒருத்தி மாண்டாள்' என்ற கூக்குரல் எழுந்தது. அப்படியானால், முன்னே மாண்டவர்கள் என்ன குற்றம் செய்தவர்கள்? 'இரவில் வெளியே வராதீர்கள்' என்று பெண்களுக்கே அறிவுரை கூறப்பட்டது. கொலை செய்பவன் ஆண். கதவடைத்துக் கிடக்க வேண்டியவள் பெண்! பொறுக்கவில்லை பெண்கள். அதே 1977 நவம்பரில், லீட்ஸ் நகர வீதிகளில், 'இரவு எமக்கும் உரியது' எனத் திரண்டு நடந்தனர். 2020-இல், சட்கிளிஃப் இறந்த பிறகு, மாண்ட பெண்களைக் குறித்து அன்று பேசிய பேச்சுக்காக மேற்கு யார்க்ஷயர் போலீஸ் மன்னிப்புக் கேட்டது. நாற்பது ஆண்டுகள் கழித்து!

மூளையால் அவன் தப்பவில்லை, நண்பர்களே! எந்த உயிருக்கு என்ன விலை என்று சமுதாயம் முன்கூட்டியே எழுதிவைத்த விலைப்பட்டியலால் தப்பினான். லார்சன் புதினத்திலும் அதுவே. தேடுவார் அற்ற பெண்களை, வேற்று நாட்டிலிருந்து பிழைக்க வந்தவர்களைத் தேர்ந்தெடுக்கிறான் கொலைகாரன். அவனுடைய மூளை என்று நாம் வியந்தது, நம்முடைய அலட்சியத்தையே!

1888-இல் லண்டனில் நடந்ததும் இதுவே. கொன்றவன் யார் என்று இன்றுவரை தெரியாது. 'ஜாக் தி ரிப்பர்' என்று உலகமே பெயர் சொல்கிறது. கொல்லப்பட்டவர்களுக்குப் பெயர் உண்டு, சொல்வார் இல்லை! பாலி நிக்கல்ஸ், ஆனி சாப்மன், எலிசபெத் ஸ்ட்ரைடு, கேத்தரின் எடோஸ், மேரி ஜேன் கெல்லி. அவர்களுள் எலிசபெத், சுவீடனிலிருந்து பிழைக்கச் சென்றவள். இவர்களைப் பற்றி ஹேலி ரூபன்ஹோல்டு எழுதிய 'தி ஃபைவ்' எனும் நூல் 2019-இல் வந்தது. ஐவரும் விலைமாதர் என்பதே பேச்சாயிருக்க, அவர்களுள் மூவர் அத்தொழில் செய்ததற்குச் சான்றே இல்லை என்று வாதிடுகிறார் அவர். நூற்று முப்பது ஆண்டுகள், விசாரணை இல்லாமலே இத்தீர்ப்பு நின்றது.

பொழுதுபோக்குத்தானே?

"உழைத்துக் களைத்து வருகிறோம், ஓரிரவு மகிழ்ந்திருக்க ஒரு கதை படிக்கிறோம், அதிலுமா பாடம் நடத்துகிறீர்?" என்று நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. களைத்தவன் களிப்பதை நாம் தடுக்கவில்லை. ஆனால், படித்தவன் வாய்திறந்து கருத்துக் கூறும்போது, அவன் களைத்தவன் மட்டுமல்லன், அடுத்தவனுக்கு வழிகாட்டுபவன். 'வேகம், வேகம்' என்று ஆயிரம்பேர் பாராட்டினால், அடுத்து எழுதுபவர் இன்னும் வேகமாக, இன்னும் அதிகமாகக் கொல்வார். ஐந்து பத்தாகும், பத்து இருபதாகும், பெயர்கள் போய் எண்கள் மட்டும் மிஞ்சும். வாசகன் கேட்பதைத்தான் சந்தை தரும்.

லார்சனையும் கேள்வி கேட்போம். முடிவிலே, கொலைகாரனின் குடும்ப மானத்திற்காகவும் நிறுவனத்திற்காகவும், உண்மையை வெளியிடாமல் மறைக்கிறான் உண்மைக்காகச் சிறை சென்ற பத்திரிகையாளன்! சாலண்டர் அதற்கு விலை கேட்கிறாள்: பெண்கள் காப்பகங்களுக்கு ஆண்டுதோறும் நன்கொடை, மாண்டவர் குடும்பங்களைத் தேடி இழப்பீடு. போதுமா அது? பணத்தால் மூடத்தக்கதா அக்குழி? கதையில் விவாதிக்க வேண்டிய இடம் இதுவல்லவா? ஆசிரியர் அறையிலே ஒருவரும் இதைப் பேசவில்லை. 'முடிவு கொஞ்சம் நீளம்' என்றதோடு சரி!

வகுப்பிலே கதை சொல்லி முடித்ததும், பிள்ளைகளிடம் நாம் கேட்பதுண்டு: 'இக்கதையில் பேசாமலே போனவர் யார்?' பத்து வயதுப் பிள்ளைகள் யோசித்து விடை சொல்கிறார்கள். பட்டம் பெற்ற நாம் அவர்களுக்குக் குறைந்தவர்களா?

படியுங்கள். விடிய விடியப் படியுங்கள். முடித்ததும் மூன்று கேள்வி கேளுங்கள். செத்தவள் யார்? அவளைத் தேடாதவர் யார்? தேடாததற்குக் காரணம் யாது? அதன் பிறகு, வேகத்தைப் பற்றியும் தாராளமாகப் பேசுங்கள்.

அடுத்த முறை, 'ஒரே மூச்சில் படித்து முடித்தேன்' என்று எவரேனும் சொன்னால் நாம் மகிழ்வோம். மூச்சு நிறுத்தப்பட்டவளின் பெயரையும் அவர் சேர்த்துச் சொல்லட்டும்!