"எந்த ஏரியா?" என்பதா தகுதித் தேர்வு?

"காலை 9 மணிக்கு நேர்காணல். அசல் சான்றிதழ்களுடன் வரவும்." எண்ணூர், மணலி, திருவொற்றியூர் பக்கத்து ஒப்பந்த நிறுவனங்களிலிருந்து நம் பிள்ளைகளின் கைப்பேசிக்கு இப்படித்தான் செய்தி வருகிறது. போனால் அழைத்தவர் இருப்பதில்லை. எத்தனை இடம், என்ன சம்பளம், யார் தேர்வு செய்கிறார்கள் என்பது கேட்டில் நிற்கும் வாட்ச்மேனுக்கும் தெரியாது. வெயிலில் காத்திருந்து, சாப்பாட்டு வேளை தாண்டி உள்ளே போனால் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். ஐ.டி.ஐ.யில் படித்த தொழிலைப் பற்றி ஒரு கேள்வி. மற்றதெல்லாம், "எந்த ஏரியா? அப்பா என்ன வேலை? சொந்த ஊர் எது?" கடைசியில் "சொல்லி அனுப்புகிறோம்" என்பார்கள். அதோடு சரி.

இதை நிர்வாகக் குளறுபடி என்று மட்டும் தள்ளிவிட முடியாது. முறை இல்லாத இடத்தில் சிபாரிசும் சாதியும்தான் முடிவெடுக்கின்றன. மதிப்பெண் பட்டியலே இல்லையென்றால், ஏன் எடுக்கவில்லை என்று எதை வைத்துக் கேட்பது?

சுகதேவ் தோரட், பால் ஆட்வெல் இருவரும் நடத்திய ஆய்வு 2007-இல் வெளியானது. தனியார் வேலை விளம்பரங்கள் 548-க்கு 4,808 விண்ணப்பங்கள் அனுப்பினார்கள். ஒரே தகுதி, பெயர் மட்டும் வேறு. உயர்சாதிப் பெயரோடு ஒப்பிட்டால், தலித் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பு மூன்றில் இரண்டு பங்குதான். முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒரு பங்கு. அதே ஆண்டு சுரிந்தர் ஜோத்கா, கேத்தரின் நியூமன் வெளியிட்ட ஆய்வில், தகுதியே முக்கியம் என்ற மனிதவள மேலாளர்களே குடும்பப் பின்னணியைக் கேட்பதையும் அவசியம் என்றார்கள்.

தமிழ்நாட்டில் பெயருக்குப் பின்னால் சாதி போடுவதில்லை என்று பெருமைப்படுகிறோம். அந்த வேலையை இங்கே "எந்த ஏரியா?" என்ற கேள்வி செய்துவிடுகிறது. வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை என்று சொன்னதும் எதிரே இருப்பவரின் முகம் மாறுவதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

மத்திய அரசுப் பணியில் 10 அல்லது அதற்கு மேற்பட்ட காலியிடம் என்றால் தேர்வுக் குழுவில் பட்டியல் சாதி அல்லது பழங்குடி உறுப்பினர் ஒருவர் இருக்க வேண்டும். குரூப் சி பணிகளுக்கு 2016 ஜனவரி 1 முதல் நேர்காணலே கிடையாது. ஒப்பந்ததாரர் ஆள் எடுக்கும்போது இந்தப் பாதுகாப்பும் இல்லை, இட ஒதுக்கீடும் இல்லை. நிரந்தரப் பணி சுருங்கி ஒப்பந்தம் பெருகப் பெருக, நம் உரிமை கேட்டுக்கு வெளியே நின்றுவிடுகிறது.

பொதுத்துறை நிறுவனங்கள் டெண்டரிலேயே நிபந்தனை போடலாம்: காலியிடமும் சம்பளமும் எழுத்தில் வேண்டும், எல்லோருக்கும் ஒரே கேள்விகள், மதிப்பெண் தாள், குடும்பத்தைப் பற்றிய கேள்விக்குத் தடை, முடிவு எழுத்தில். தொழிலாளர் துறையும் இதை வலியுறுத்த வேண்டும்.

மாணவர்களே, அழைப்புச் செய்தியை அழிக்காதீர்கள். காத்திருந்த நேரத்தையும் கேட்ட கேள்விகளையும் அன்றே எழுதி வையுங்கள். அரசு, பொதுத்துறை நேர்காணல் என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் உங்கள் மதிப்பெண்ணைக் கேளுங்கள். ஒருவர் சொன்னால் புலம்பல் என்பார்கள். பத்துப் பேர் தேதியோடு எழுதிக் கொடுத்தால் அது மனு.